உடனிருந்தோரின் குற்றப்பொறுப்பு: தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவும் இரு பிரிவி கவுன்சில் தீர்ப்புகளும்

முன்னுரை

பலர் கூடிச் செய்த கொலையில் ஒருவருடைய குண்டே உயிரைப் பறிக்கிறது. மற்றவர்களின் பொறுப்பு எவ்வளவு என்னும் வினாவுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் பல வழிகளில் விடை கூறியது. உடந்தையை 107ஆம் பிரிவு வரையறுத்தது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிய சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தை 149ஆம் பிரிவு குறித்தது. இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு நிற்பது 34ஆம் பிரிவு. அது தனிக் குற்றத்தையோ தனித் தண்டனையையோ வகுக்கவில்லை. ஒருவர் செய்த செயலுக்கு மற்றவரையும், அவரே தனித்துச் செய்தாற்போல், பொறுப்பாக்கியது. அப்பொறுப்பின் எல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1870ஆம் ஆண்டுத் திருத்தம்

1860ஆம் ஆண்டின் மூலவாசகத்தில் உட்கருத்து பற்றிய குறிப்பு இல்லை. பலர் குற்றச்செயல் புரிந்தால் ஒவ்வொருவரும் பொறுப்பாவர் என்று மட்டுமே இருந்தது. 1866இல் கோராசந்த் கோப் வழக்கை விசாரித்த கல்கத்தா உயர்நீதிமன்ற முழு அமர்வில், தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீக்காக், சம்பவ இடத்தில் இருந்தமை மட்டும் ஒருவரைக் கொலையாளி ஆக்காது என்னும் கருத்தை முன்வைத்தார். 1870ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம், 'அனைவரின் பொது உட்கருத்தை நிறைவேற்றும் பொருட்டு' என்னும் பொருள்படும் தொடரை இப்பிரிவில் சேர்த்தது. பிற்கால விவாதங்கள் யாவும் இத்தொடரைச் சுற்றியே எழுந்தன.

பரேந்திரகுமார் கோஷ் வழக்கு

1923 ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தா சங்கரிதோலா அஞ்சலகத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த அஞ்சலக அதிகாரி, பணம் கேட்டு வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பி ஓடியவர்களில் பரேந்திரகுமார் கோஷ் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். தாம் முற்றத்தில் அஞ்சி நின்றதாகவும் சுடவில்லை என்றும் அவர் வாதிட்டார். உயிர் பறித்த குண்டை அவர் சுடாவிடினும், பொது உட்கருத்து இருந்தால் கொலைக் குற்றவாளியே என்று ஜூரிகளுக்கு விளக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

34ஆம் பிரிவை இவ்வளவு விரித்தால் 114, 149 ஆகிய பிரிவுகள் தேவையற்றுப் போகும் என்பது மேல்முறையீட்டு வாதம். பிரிவி கவுன்சில் இதனை ஏற்கவில்லை. 1924இல் தீர்ப்பளித்த லார்டு சம்னர், 'குற்றச்செயல்' என்பது ஒருவரின் தனிச்செயல் அன்று, ஒரு விளைவை உண்டாக்கிய செயல்களின் முழுத்தொகுதி என்று விளக்கினார். அனைவரும் ஒரே செயலைச் செய்திருக்க வேண்டுமெனக் கொண்டால் 34ஆம் பிரிவே பயனற்றதாகும் என்பது அவரது தருக்கம். இவ்வாறு 'செயல்' விரிவடைந்தது.

மஹ்பூப் ஷா வழக்கு

1943இல் சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டியது தொடர்பான தகராறில் அல்லா தாத் என்பவர் இறந்தார். அவரைச் சுட்ட வலி ஷா தலைமறைவானார். மஹ்பூப் ஷா சுட்டதில் வேறொருவரே காயமடைந்தார். எனினும் அல்லா தாத்தின் கொலைக்காக மஹ்பூப் ஷாவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை லாகூர் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது.

1945இல் பிரிவி கவுன்சில் அதனை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர், முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயர். இருவரிடம் ஒரே வகையான உட்கருத்து இருப்பது வேறு, அது இருவருக்கும் பொதுவானதாக இருப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பொது உட்கருத்துக்கு முன்கூட்டிய திட்டம் தேவை. தாக்கப்பட்ட உறவினரை மீட்கும் எண்ணம் இருவருக்கும் இருந்திருக்கலாம். கொல்லும் திட்டம் இருந்ததற்குச் சான்றில்லை. இவ்வாறு 'உட்கருத்து' குறுகியது.

முடிவுரை

இத்தீர்ப்புகள் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. முன்னது எதனைச் செய்திருக்க வேண்டும் என்பதைத் தளர்த்தியது. பின்னது எதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பதை இறுக்கியது. இதன் தேவை தண்டனையை நோக்கினால் விளங்கும். 302ஆம் பிரிவின்கீழ் மரணம் அல்லது ஆயுட்காலத் தீவாந்தரம் என்ற இரண்டே தண்டனைகள் இருந்தன. ஒருவரின் பங்கு சிறிதென்பதற்காக நீதிபதி அதற்குக் கீழ் இறங்க இயலாது. ஆகவே உடனிருந்தவருக்கும் கொன்றவருக்கும் இடையிலான வேறுபாட்டைக் காக்கும் இடமாகப் பொது உட்கருத்தின் மெய்ப்பிப்பே எஞ்சியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5)ஆம் பிரிவும் இக்கோட்பாட்டையே தொடர்கிறது. எண் மாறினும், முற்றத்தில் நின்றவரின் மனத்தை எச்சான்றால் அறிவது என்னும் பழைய வினா மாறவில்லை.