மலைநாட்டு நீரோடைகளும் அவற்றின் பெயர்களும்

ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் எழுதப்படாத வரலாற்றுக்குச் சான்றாவன என்பர் அறிஞர். இலங்கையின் மத்திய மலைநாடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நுவரெலியா, அட்டன் பகுதிகளின் ஆறுகளும் அருவிகளும் மூவகை மக்களால் வெவ்வேறு காலங்களிற் பெயரிடப்பட்டன.

முதலாவது, கண்டி நாட்டுச் சிங்கள மக்கள் இட்ட பெயர். கொத்மலை ஓயா, மஸ்கெலியா ஓயா, கெகெல்கமு ஓயா என்பன அத்தகையன. பின்னிரண்டும் கூடியே களனி கங்கையாகின்றன. 1867இல் ஜேம்ஸ் தெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டத்தின் பெயரிலும், சிற்றாற்றைக் குறிக்கும் 'கந்துர' என்னும் சிங்களச் சொல் நிலைத்துளது. இரண்டாவது, வெள்ளைத் தோட்டத்துரைமார் வழிவந்த பெயர். தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளும், கினிகத்தேனைக்கு அண்மையிலுள்ள அபர்டீன் நீர்வீழ்ச்சியும் இவ்வகையின. அபர்டீன் என்பது ஸ்கொத்லாந்து நகரொன்றின் பெயராகும்.

மூன்றாவது, கோப்பிக் காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் வழங்கும் பெயர். மலையூற்று நீர் குழாய் வழியே விழும் இடம் அவர்க்குப் 'பீலி'. மழைநீர் வடியத் தேயிலை மலையில் வெட்டுவது 'கான்'. முன்னிரு வகைப் பெயர்களும் நிலப்படத்தில் ஏறின. தொழிலாளர் தம்முள் வழங்கிய பெயர்களோ பெரிதும் வாய்வழக்காகவே நின்றன.

வாய்வழக்கு, பேசுவோர் உள்ளவரையே வாழும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு சென்ற குடும்பங்களோடு அவர்கள் அறிந்த பெயர்களும் சென்றன. நீர்த்தேக்கங்களும் நிலத்தோற்றத்தை மாற்றின. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் எழுந்தன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. 2012இல் தொழிற்படத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தால் சென் கிளேயர் அருவியின் நீரோட்டமும் குறைந்தது. ஓடையே மறைந்தபின் அதன் பெயரை எவரிடம் கேட்பது?

பெயர்களைத் தொகுத்துக் காக்கும் வழி புதியதன்று. அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் நில அளவை நடந்தபோது, யோன் ஓடொனவன் ஊர்தோறும் சென்று, அவ்விடத்து மக்கள் உச்சரித்தவாறே பெயர்களைக் கேட்டுப் பெயரேடுகளில் பதிவித்தார். மலையக மக்கள் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை நம் நாட்டிலேயே அத்தகைய உழைப்புக்கு முன்மாதிரியாவார்.

நீர்ப்பெயர் தொகுப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். பெயரை இலக்கணப்படுத்தாது பேசியவாறே எழுதுக. அது குறிக்கும் இடத்தை நிலப்படத்திற் காட்டுக. சொன்னவரின் வயது, தோட்டப் பிரிவு, கேட்ட ஆண்டு ஆகியவற்றை உடன் குறிக்க. ஒரே ஓடைக்குச் சிங்களப் பெயரும் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் இருப்பின் மூன்றையும் ஒருங்கே தருக. ஒன்றை நாட்டுதற்கு மற்றொன்றை நீக்குதல் வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தோட்டப் பாடசாலை மாணவர் தம் பாட்டனாரையும் பாட்டியாரையும் வினவினாலே தொடங்கிவிடலாம். ஆயின் அம்முதியோர் உள்ளபோதே அது தொடங்கப்படல் வேண்டும்.