ஏர்வாடி: ஒரு சங்கிலியின் கணக்கு

"கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே நமக்கெல்லாம் சிரிப்பு வரும். சினிமா காமெடி அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது 1794-ல் சென்னையில் ஆரம்பித்த காப்பகத்தின் வாரிசு என்பதும், 200 வருஷம் கழித்தும் தமிழ்நாட்டு அரசுக்கென்று இருந்த முழு மனநல மருத்துவமனை அது ஒன்றுதான் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? திருப்பூரிலிருந்து அங்கே போக ஒரு ராத்திரி ரயில் பயணம். பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குகிற குடும்பம் எத்தனை தடவை போய் வரும்?

அப்படிப்பட்ட பல குடும்பங்களுக்கு (எல்லா மதத்தவரும்தான்) வழியாக இருந்தது ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா. கனவில் உத்தரவு வந்தால் குணம் என்பது நம்பிக்கை. அதுவரை தங்க வேண்டுமே! தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அதில் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்த வழக்கின் தலைப்பில் 25 என்றுதான் இருக்கிறது. மீதிப் பேர் பிற்பாடு இறந்தவர்கள்.

நான் காமர்ஸ் மாணவன், எனக்குக் கணக்காகத்தான் யோசிக்க வருகிறது. குடும்பத்திடம் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காவலுக்கும் பணிவிடைக்கும் ஆள் வைத்தால் சம்பளம். சங்கிலிக்குச் சம்பளம் கிடையாது! இத்தனைக்கும் விடுதி நடத்த உரிமம் கட்டாயம் என்ற 1987-ம் வருடச் சட்டம் 1993-லேயே அமலுக்கு வந்துவிட்டது. உரிமம் இருக்கிறதா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. உள்ளே இருந்தவர் சொன்னால்? "பைத்தியம் உளறுகிறது" என்று விட்டிருப்பார்கள். எனக்குத் தீயைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது.

ஒரு வாரத்தில் விடுதிகளை மூடினார்கள். 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள். 1996-ல் தேசிய அளவில் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டம் ராமநாதபுரத்துக்கு வந்தது இந்தத் தீக்குப் பிறகுதான். 2017-ம் வருட மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது (95-வது பிரிவு). அதே சட்டத்தின் 28-வது பிரிவை யாரும் பேசுவதில்லை. கவனிப்பில் குறை இருந்தால் நோயாளியே புகார் சொல்லலாம். முதலில் அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவரிடம், திருப்தி இல்லையென்றால் மறுஆய்வு வாரியத்திடம், அதற்கும் மேலே மாநில ஆணையத்திடம்.

திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல், அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல். ரயில் ஏற வேண்டிய தூரம் குறைந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ஒரு செக்கிங் அக்கா மாத்திரை வாங்க வரிசையில் நின்றாலே அன்றைய ஷிப்ட் போச்சு. டாக்டர் இரண்டு நிமிஷத்தில் பார்த்து அனுப்பிவிட்டார் என்று புகார் எழுத இன்னொரு ஷிப்டை விடுவாரா?