இல்லம் தேடிச் சென்ற செவிலியம்

ராயப்பேட்டை அரசினர் மருத்துவமனை 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. காலா அசார் நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான டாக்டர் சார்லஸ் டோனவன் அதன் முதல் கண்காணிப்பாளராக விளங்கினார். அன்று தொட்டு எண்ணற்றோர் அங்கே பிணி தணிந்து வீடு திரும்பியுள்ளனர். வீடு திரும்பியபின் அவர்களைக் கவனிப்பவர் யார், வேளை தவறாமல் மருந்து கொடுப்பவர் யார் என்னும் வினா மருத்துவமனைகள் தோன்றிய நாள்முதலே இருந்து வருவதாகும். அதற்கு உலகோர் ஏற்ற விடையொன்றைத் தந்த பெருமை சென்னை மாநகருக்கு உண்டு.

மேலைநாட்டில் இதற்கு முன்னோடியாக அமைந்தது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். 1859இல் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், மறைந்த தம் மனைவிக்குப் பணிவிடை செய்த மேரி ராபின்சன் என்ற செவிலியையே ஏழை நோயாளிகளின் இல்லங்களுக்கு அனுப்பிவைத்தார். வீடுதோறும் செல்லும் செவிலியர் முறை அதிலிருந்து வளர்ந்தது. அதன் பயனை எண்ணிக்கையால் மெய்ப்பிக்கும் வாய்ப்பு மட்டும் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்தே கிட்டிற்று.

காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே மருந்தென்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்நம்பிக்கையில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய நலவாழ்வு மனையின் பெயரைப் புறநகர் இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் நோயாளிகள் பல்லாயிரவர். படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடைக்காதோர் வீட்டிலேயே கிடந்து இருமினர்.

இந்நிலையில், 1956இல் ராயப்பேட்டைக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் உருவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். நகரின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 190 பேர், குலுக்கல் போன்றதொரு முறையால் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நலவாழ்வு மனைக்குச் சென்றனர். மறு பிரிவினர் தம் வீட்டிலேயே இருந்தனர். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே: ஐசோனியசிடும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், நாள்தோறும், ஓராண்டுக்கு.

இங்கேதான் இடர்ப்பாடு. பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. இரண்டு மூன்று திங்களில் இருமல் நின்று உடல் தேறியதும், இனி எதற்கு என்று நிறுத்திவிடத் தோன்றுவது இயல்பே. நிறுத்தினாலோ நோய் மீளும். மருந்துக்கு அடங்காத கிருமியும் தலைதூக்கும். அறச்சிந்தையுடையோர் ஔடத தானம் செய்வது நாமறிந்ததே. தந்த மருந்து வயிற்றுக்குள் சென்றதா என்று காண்பது அதனினும் கடினமான தொண்டு. மையத்தின் பணியாளர்கள் அதனையே மேற்கொண்டனர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பேசி மனத்தைத் திடப்படுத்தினர்.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நலவாழ்வு மனையில் இருந்தோருள் 92 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினருக்கு. நலவாழ்வு மனையினர் நல்ல உணவு உண்டனர், உடல் எடையும் மிகுதியாகக் கூடப்பெற்றனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான அறைகளில் குறைந்த உணவோடு வாழ்ந்தனர். அத்தனை வேறுபாட்டிற்குப் பின்னும் இடைவெளி அவ்வளவே! உடனுறையும் குழந்தைகளுக்கு நோய் தொற்றுமே என்ற அச்சம் பலருக்கு இருந்தது. ஐந்தாண்டுக் காலம் குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் தொற்று மிகுந்திலது என்பது தெரியவந்தது.

உலக நாடுகள் பலவும் காசநோயாளியை மாதக்கணக்கில் மனையில் அடைத்துவைக்கும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட இவ்வாய்வு வழிகோலிற்று. மருந்தைக் கண்ணெதிரே உட்கொள்ளச் செய்யும் முறையையும் அம்மையம் பின்னர் ஆராய்ந்தது. 1990களில் உலகெங்கும் பரவிய ‘டாட்ஸ்’ திட்டத்தின் வேர்களுள் ஒன்று அது. சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கி வருகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடக்கம் பெற்றது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாய் இருப்போரின் புண்ணைத் துடைத்துக் கட்டவும், முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி தரவும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இல்லம் தேடிச் செல்கின்றனர்.