இன்ரலொக்கன் இசைப் பாசறை: பாடசாலை இசை வரலாற்றில் ஓர் அத்தியாயம்

இசைக்கல்வியின் வரலாற்றில் எளிதில் விடை காணமுடியாத வினாக்களுள் ஒன்று காலத்தைப் பற்றியது. வாத்தியத்தைக் கையாளும் விரல்களும் சுருதியை உணரும் செவியும் இளமையிலேயே பழக்கப்பட வேண்டியவை. பொதுக்கல்வியோ அதே இளமைப் பருவத்தின் பகற்பொழுது முழுவதையும் தனக்கென வேண்டி நிற்பது. இசையிற் சிறப்பாற்றல் வாய்ந்த உயர்தர வகுப்பு மாணவன் இவ்விரண்டனுள் எதற்குத் தன் காலத்தைக் கொடுப்பது? நாப்போலி நகரில் 16ஆம் நூற்றாண்டிலே அநாதைச் சிறுவர் இல்லங்களாகத் தோன்றிப் பின்னர் இசைப்பள்ளிகளாக வளர்ந்த நிலையங்களும், 1795இல் நிறுவப்பெற்ற பாரிஸ் இசைக்கல்லூரியும் இசைப் பயிற்சியையே முதன்மைப்படுத்தி இதற்கு விடை கண்டன. ஐக்கிய அமெரிக்காவிலோ பொதுப் பாடசாலையின் உள்ளிருந்தே ஒரு விடை முளைத்தது. அம்முயற்சியை மிச்சிகன் மாநிலத்திலுள்ள இன்ரலொக்கன் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு நோக்குதல் பயனுடையதாகும்.

இவ்வரலாற்றின் தலைமைப் பாத்திரம் ஜோசப் மெடி என்பவர். 1891இல் கன்சாஸ் மாநிலத்திற் பிறந்த இவர் இளவயதிலேயே மினியாப்பொலிஸ் சிம்பனிப் பல்லியத்தில் வாசித்தவர். முதலாம் உலகப்போர் முடிவுற்ற காலத்தில் றொச்செஸ்ரர் நகரப் பாடசாலைகளின் வாத்திய இசைக்குப் பொறுப்பாளராக அமர்ந்தார். அந்நாளில் அமெரிக்கப் பாடசாலைகளில் இசைப்பாடம் என்பது பெரும்பாலும் கூடிப்பாடுதலே. வாத்தியம் பயில விரும்பியோர் தனியாசிரியரை நாடவேண்டியிருந்தது. அவ்வசதி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்த்தது. கொடக் நிறுவனத்தை உருவாக்கிய ஜோர்ஜ் ஈஸ்ற்மன் றொச்செஸ்ரர் மாணவர்க்கு வாத்தியங்களை வாங்கி வழங்கியமை இந்நிலையை மாற்றுதற்குத் துணைபுரிந்தது. பல்வேறு வாத்தியங்களை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் முறையொன்றை வகுத்து, தடியஸ் கிடிங்ஸ் என்னும் ஆசிரியருடன் இணைந்து 1923இல் மெடி நூலொன்றையும் வெளியிட்டார். வாத்தியக்கல்வி செல்வர் வீட்டினின்று பொதுப் பாடசாலைக்கு இறங்கிவந்தமையே இந்நிகழ்ச்சிகளின் உட்பொருள் எனலாம்.

1926இல் இசைக்கல்வி மேற்பார்வையாளர் மாநாடு டெற்றோயிற் நகரிற் கூடியபொழுது, நாட்டின் பல பாகங்களிலுமிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட உயர்தரப் பாடசாலை மாணவரைக் கொண்டு மெடி ஒரு பல்லியத்தை அமைத்தார். அதன் வெற்றி மறு ஆண்டில் டல்லஸ் நகரில் கல்வி அதிகாரிகளின் மாநாட்டிலும் மாணவர் பல்லியம் ஒன்று வாசிக்க வழிவகுத்தது. பாடத்திட்டத்தை வகுக்கும் அதிகாரமுடையோர் முன்னிலையில் நிகழ்ந்தமையால் இது வெறும் கச்சேரியாக மட்டும் அமையவில்லை. இசைக்குப் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும் என்ற வாதத்துக்கு உயிருள்ள சான்றாகவும் அமைந்தது. சில நாட்களே கூடிப் பிரிந்த மாணவர்கள் இன்னும் நெடுங்காலம் சேர்ந்து வாசிக்க விரும்பினர். அவ்விருப்பமே கோடைகாலப் பாசறையொன்றை நிறுவும் எண்ணத்துக்கு வித்திட்டது.

இன்ரலொக்கன் என்ற சொல்லுக்கு ஏரிகளின் இடைப்பட்ட நிலம் என்பது பொருள். அங்கு விடுதி நடத்திவந்த ஒருவர் அளித்த நிலத்தில், பைன் மரங்களின் நடுவே, 1928ஆம் ஆண்டுக் கோடையில் 115 மாணவருடன் பாசறை தொடங்கியது. பகல் முழுவதும் பயிற்சியும் ஒத்திகையும் நிகழ்ந்தன. பல பத்தாண்டுகள் அங்கு நிலவிய ஆசனப் போட்டி முறை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. வாரந்தோறும் ஒரே பகுதியை அடுத்தடுத்த ஆசனத்தினர் இருவர் வாசிப்பர். ஏனையோர் கண்களை மூடியிருந்து, எவர் வாசிப்பு மேலானது என வாக்களிப்பர். பின்னாசனத்தார் வென்றால் முன்னாசனம் அவருக்குரியதாகும். செல்வாக்கும் முகத்தாட்சணியமும் நுழையாத முறையென இதனைப் புகழ்ந்தோர் உளர். இளம் உள்ளங்களில் அச்சத்தையும் பகைமையையும் விளைப்பது என இகழ்ந்தோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு.

பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய 1930களிலும் கடன்சுமையோடு பாசறை நிலைத்து நின்றது. புகழ்பெற்ற இசையறிஞர் பலர் அதனை நாடி வந்தனர். அணிநடை இசையில் தலைசிறந்த ஜோன் பிலிப் சூசா 1931இல் பாசறைக்கென ஓர் இசைப்படைப்பை ஆக்கினார். ஹவார்ட் ஹான்சனின் இரண்டாவது சிம்பனியிலுள்ள ஒரு பகுதி பாசறையின் அடையாள இசையாயிற்று. கச்சேரி முடிவில் அது வாசிக்கப்பட்டபின் கைதட்டாது கலைவது மரபாயிற்று. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற லொரின் மாஸெல், சிறுவனாக இருந்தபோதே, 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் இன்ரலொக்கன் பல்லியத்தை நெறிப்படுத்தினார். வானொலி வாயிலாக மாணவரின் இசை நாடெங்கும் ஒலித்தது.

இவ்வொலிபரப்பே பெரும் பிணக்குக்குக் காரணமாயிற்று. 1942ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க இசைத்தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் ஜேம்ஸ் பெற்றில்லோ மாணவர் ஒலிபரப்பை நிறுத்துமாறு வானொலி நிறுவனத்தைப் பணித்தார். நிறுவனம் பணிந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் பாசறையைச் சங்க உறுப்பினர் விலக்கவேண்டிய இடமென அறிவித்ததோடு, மெடியையும் சங்கத்தினின்று நீக்கினார். பத்திரிகைகள் பெற்றில்லோவைக் குழந்தைகளின் இசையைப் பறித்த கொடியவராகச் சித்திரித்தன.

ஆயினும் வரலாற்றை நடுநிலையில் நின்று நோக்குவோர் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். 1927இன் பின்னர் பேசும்படம் பரவவே, ஊமைப்பட அரங்குகளில் வாசித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான கலைஞர் வேலை இழந்தனர். இசைத்தட்டும் வானொலியும் எஞ்சிய வாய்ப்புகளையும் குறைத்தன. 1942 ஆகஸ்ட் முதல் இசைத்தட்டுப் பதிவுக்கே சம்மேளனம் தடை விதித்தது இவ்வச்சத்தின் விளைவேயாகும். ஊதியமின்றி வாசிக்கும் மாணவரின் இசை ஊதியம் பெறுவோரின் நேரத்தை நிரப்புமாயின், அது தொழிலாளியின் உணவைப் பறிப்பதாகாதா என்பதே பெற்றில்லோவின் வாதம். அது நகைத்துத் தள்ளத்தக்கதன்று. இன்று பயிலும் மாணவனே நாளை அத்தொழிலை நம்பி வாழப்போகிறவன் என்பதை நினைவுகூர்ந்தால், பிணக்கின் முழு ஆழமும் புலப்படும்.

1946இல் நிறைவேறிய லீ சட்டம், கல்வி நோக்கங்கொண்ட ஊதியமற்ற ஒலிபரப்பை வற்புறுத்தலால் தடுப்பதைக் குற்றமாக்கியது. மறு ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது; ஆனால் 1948இல் நிகழ்ந்த விசாரணையில் பெற்றில்லோ குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார். சட்டமும் 1980இல் நீக்கப்பட்டது. சட்டத்தினும் பயன்மிக்கது 1947இல் இசையாசிரியர், பாடசாலை நிருவாகிகள், இசைத்தொழிலாளர் ஆகிய முத்திறத்தாரின் அமைப்புகளும் கையொப்பமிட்ட ஒழுக்கக்கோவையாகும். பாடசாலை விழாக்களும் கல்விசார் நிகழ்ச்சிகளும் மாணவர்க்குரியன. வணிக நிகழ்ச்சிகளும் பொதுக் கேளிக்கைகளும் தொழிற்கலைஞர்க்குரியன என அது எல்லை வகுத்தது. நீதிமன்றம் தீர்க்காததை உடன்படிக்கை தீர்த்துவைத்தது.

கோடையில் எட்டு வாரங்கள் மட்டும் நிகழும் பயிற்சி போதாது என்ற எண்ணம் மெடியிடம் நெடுநாள் இருந்தது. காப்புறுதித் தொழிலிற் செல்வம் ஈட்டிய கிளெமென்ற் ஸ்ரோன் போன்றோரின் கொடையும், பியானோக் கலைஞர் வான் கிளைபேர்ன் 1961 முதல் நடத்திய உதவிக் கச்சேரிகளும் அவ்வெண்ணத்துக்கு உரமூட்டின. 1962இல் இன்ரலொக்கனில் ஆண்டு முழுவதும் இயங்கும் கலை விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. கணிதமும் மொழியும் விஞ்ஞானமும் பயிலும் மாணவனே அதே கூரையின்கீழ் உயர்நிலை வாத்தியப் பயிற்சியும் பெறலாயினன். 1966இல் மெடி காலமானார். இதற்கிடையில் வட கரோலினா மாநிலம் 1963இல் அரச நிதியைக்கொண்டே கலைப்பாடசாலையொன்றை நிறுவச் சட்டமியற்றியது. தனியார் முயற்சியாக முளைத்த கருத்து அரசின் கடமையாகவும் ஏற்கப்பட்டதற்கு இது சான்றாகும்.

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். சிறப்பாற்றல் வாய்ந்த மாணவனைப் பொதுக்கல்வியினின்று பிரிக்காமலே உயர்நிலை இசைப் பயிற்சி அளித்தல் இயலும் என்பது ஒன்று. பயிற்சி எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவுக்கு அது தொழிலின் எல்லையை நெருங்கும் என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் கண்டு பின்னதை மறப்பின், கலைஞரை உருவாக்கிப் பட்டினிக்கு அனுப்புவதாகவே இசைக்கல்வி முடியும். பாசறையில் ஒலித்த மாணவரின் வயலினோடு, அரங்கினின்று வெளியேற்றப்பட்ட முதிய கலைஞனின் குரலையும் சேர்த்துக் கேட்பதே இவ்வத்தியாயத்தை முழுமையாக அறிவதாகும்.