மெல்ல வந்த மாற்றார்

ஒரு நாட்டின்மேல் அயலார் படையெடுத்து வந்தனர் என்று கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழும் காட்சி எது? எரியும் மாளிகையும், இடியும் மதிலும், அழுது ஓடும் மக்களுமே அல்லவா? வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தகைய படையெடுப்புகளையே விரித்துரைக்கின்றன. ஆயின், வந்த அயலான் மென்மையோடு வந்தால்? கோயிலைக் காத்து, எளியோர்க்குப் பொருள் வழங்கி, ஊரில் ஒரு செங்கல்லையும் பெயர்க்காமல் அதைத் தனதாக்கிக்கொண்டால்? அவ்வாறு வெல்லப்பட்ட மக்கள் எதை எண்ணி அழுவது? யாரை நோவது? தாம் யார் என்பதை எங்ஙனம் நினைவில் வைத்துக்கொள்வது? இக்கேள்விகளைக் குறித்துச் சில கருத்துகளை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவற்றையே நடுவாக வைத்து எழுந்த கதை ஒன்று உண்டு. ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ என்ற நாவல் அது. ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். கிளார்க் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். 1956ஆம் ஆண்டில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 2008இல் கொழும்பில் மறையும்வரை அத்தீவையே இல்லமாகக் கொண்டவர். அவருடைய கதையில் வேற்றுலகத்தார் பெருங்கலங்களில் வந்து உலகின் மாநகரங்களுக்கு மேலே வானில் நிற்கின்றனர். அவர்கள் ஊர்களை அழிக்கவில்லை, போரை ஒழிக்கின்றனர், வறுமையைப் போக்குகின்றனர். மக்கள் நலமாக வாழ்கின்றனர். ஆயினும் நாளடைவில் புதிதாக ஒன்றைக் கண்டறியும் ஆவலும், கலை படைக்கும் வேட்கையும் அவர்களிடம் தளர்ந்துவிடுகின்றன. தமக்குரிய கலைகளைக் காக்க விரும்பிய சிலர் ஒரு தீவில் தனிக்குடியமைத்துப் பார்க்கின்றனர். முடிவில் மனிதரின் குழந்தைகள், பெற்றோரால் அறியவொண்ணாத வேறொரு பிறவியாக மாறிப் பிரிந்துவிடுகின்றனர். பெற்றோர்க்குச் சினந்துகொள்ளப் பகைவன் இல்லை. துயரம் மட்டுமே உண்டு.

கற்பனைதானே என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆயின் காஞ்சியில் பிறந்து, காஞ்சியின் கல்வெட்டுகளைப் படித்து வளர்ந்த எனக்கு அவ்வாறு ஒதுக்க இயலவில்லை. வானத்திலிருந்து அன்று, வடமேற்கே வாதாபியிலிருந்து அத்தகைய விருந்தாளி ஒருவன் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறான்.

அவனுக்கு முன் வந்தவனின் கதையைத் தமிழகம் நன்கு அறியும். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ நாட்டின்மேல் படையெடுத்து வந்தான். அதற்குப் பதிலாக நரசிம்மவர்மப் பல்லவன் 642ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றினான். அந்நகரின் பாறையில் அவனுடைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இப்பகையைக் கொண்டே கல்கி அவர்கள் 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ என்னும் நாவலைத் தொடராக எழுதினார்கள். அக்கதையின் தலைவி சிவகாமி பகைவரால் சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள்; அந்நகரம் எரிந்தாலன்றி அதைவிட்டு வாரேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். அவளது துயரத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. பழிதீர்க்க ஓர் ஊர் இருக்கிறது. ஊர் எரிந்தபின்னும் அவள் துயரம் தீரவில்லை என்பது வேறு செய்தி. இறைவன் திருமுன் ஆடும் ஆடலிலேதான் அவள் அமைதி காண்கிறாள். கொடிய படையெடுப்பு, தான் தரும் துயரத்தோடு அதைச் சொல்லும் மொழியையும் சேர்த்தே தந்துவிடுகிறது. நாட்டுப் பாடலும் நாவலும் அதிலிருந்து பிறக்கின்றன.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. புலிகேசியின் வழியில் வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் 733 முதல் ஏறத்தாழ 745 வரை வாதாபியில் அரசு செலுத்தினான். அக்காலத்தில் காஞ்சியின் அரியணையில் இருந்தவன் இரண்டாம் நந்திவர்மன் எனப்படும் பல்லவமல்லன். அரசமரபில் நேர்வழி அற்றுப்போனபோது கிளைக்குடும்பத்திலிருந்து பன்னிரண்டு வயதில் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்பட்டவன் அவன். அவ்வரலாறு வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டுள்ளது. அந்நந்திவர்மனை வென்று விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான்.

நுழைந்தவன் என்ன செய்தான்? தன் முன்னோரின் தலைநகரைக் கொள்ளையிட்ட குலத்தின் நகரம் அது. பழிதீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? ஆயினும் அவன் நகரை அழிக்கவில்லை. அந்தணர்க்கும் எளியோர்க்கும் பொருள் வழங்கினான். பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கே, இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றான். அக்கோயிலின் செல்வத்தைக் கண்டான். அதைத் தான் கொள்ளாமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான். கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில் பழங்கன்னட மொழியில் அமைந்த கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகிறது. அவ்வெழுத்தை அழிப்போர் இந்நகரத்துக் கடிகைச் சான்றோரைக் கொன்ற பாவத்தை அடைவர் என்று எச்சரித்தும் முடிக்கிறது. காஞ்சியார் எதைப் பெரும்பாவமாகக் கருதுவர் என்பதையும் அவ்வயலான் அறிந்திருந்தான்! மெல்ல வரும் மாற்றானின் ஆற்றல் இதுவே. நம்மை அவன் நன்றாகப் படித்துக்கொண்டு வருகிறான்.

இக்கல்வெட்டைப் படிப்போர் விக்கிரமாதித்தனைப் பாராட்டாமல் இரார். நானும் பாராட்டுகிறேன். ஆயின் வரலாற்று மாணவன் ஒரே ஓலையைப் படித்து அமைதல் ஆகாது. அவன் மகன் கீர்த்திவர்மன் 750ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கேந்தூர்ச் செப்பேடு இதே நிகழ்ச்சியை மற்றொரு முகமாகக் காட்டுகிறது. பொன்னைத் திருப்பித் தந்த விக்கிரமாதித்தன், கடுமுகவாத்தியம், சமுத்திரகோஷம் என்னும் பெயருடைய பல்லவரின் இசைக்கருவிகளையும், அவர்தம் கட்வாங்கக் கொடியையும், யானைகளையும், மணிக்குவியலையும் கைக்கொண்டான் என்பது அதில் உள்ள செய்தி. நேயர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொன் திரும்பிவந்தது, முரசும் கொடியும் போயின. ஓர் அரசு தன்னை இன்னார் என்று உலகுக்கு அறிவிக்கும் ஒலியும் அடையாளமும் போயின. கொடுத்ததைக் காஞ்சியின் தூணில் எழுதினான். கொண்டுபோனதைத் தன் நாட்டுச் செப்பேட்டில் எழுதினார்கள். மென்மையான வெற்றி எங்கும் இவ்வாறே கணக்கெழுதும். கொடை நம் கண்முன் நிற்கும். இழப்பைத் தேடித்தான் காண வேண்டும்.

அன்று முரசொலி கேளாமல் விடிந்த காலையில் காஞ்சி மக்கள் என்ன நினைத்திருப்பர்? அவர்கள் வீடு எரியவில்லை. கோயில் விளக்கு அணையவில்லை. அழுதால், ‘எதற்கு அழுகிறாய், உனக்கு என்ன குறை?’ என்று பக்கத்து வீட்டார் கேட்டிருப்பர். துயரத்துக்குக் காரணம் காட்ட இயலாமற்போவதே இத்தகைய வெற்றியின் நுண்மையான கொடுமை.

ஆயினும் காஞ்சி தன்னை இழந்துவிடவில்லை. நந்திவர்மன் மீண்டும் அரசுபெற்று, மொத்தத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். நான் வியப்பது மற்றொன்று. பல்லவர் ஆட்சி மீண்டபின்னும் அந்தக் கன்னட எழுத்துகளை எவரும் உளிகொண்டு செதுக்கி எறியவில்லை. அதன்பின் சோழர் வந்தனர், விசயநகரத்தார் வந்தனர். கல்வெட்டு அவ்வாறே நிற்கிறது. தோற்ற நாளின் சான்றைத் தன் கோயிலிலேயே வைத்துக்கொண்டு, அதே தூணருகில் வழிபாட்டைத் தொடர்ந்து நடத்திய ஊர் இது.

வென்றவன் நிலையும் எண்ணத்தக்கது. விக்கிரமாதித்தனின் அரசி லோகமாதேவி, தன் கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டதக்கல்லில் ஒரு கோயில் எடுப்பித்தாள். இன்று விருபாட்சர் கோயில் என்று வழங்கும் அதன் அமைப்பில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயலை அறிஞர் காண்கின்றனர். வெற்றியைக் கொண்டாடவும் தோற்றவனின் கலையே வேண்டியிருந்தது. கிளார்க்கின் கதையிலும் ஆள வந்தவர்களுக்கு ஒரு துயரம் உண்டு; தாம் ஆண்ட மாந்தர் சென்றடைந்த நிலைக்குத் தாம் ஒருபோதும் செல்ல இயலாது என்பதே அது.

இனிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வருவோம். 1688ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே வருகின்றன என்ற அச்சத்தால் காஞ்சிக் கோயில்களின் திருமேனிகள் ஊரைவிட்டு அகற்றப்பட்டன. வரதராசப் பெருமாளைப் பிணம்போல் மூடி, ஈமச் சடங்குக்குச் செல்வார்போல் சுமந்து சென்றனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. உடையார்பாளையத்துக் காட்டில் 22 ஆண்டுகள் பெருமாள் இருந்தார். 1710இல் ஆத்தான் சீயரின் வேண்டுகோளை ஏற்று, ஆர்க்காட்டுப் படைத்தலைவராகிய தோடர்மால் அவரை மீட்டுவந்தார். தாயார் சந்நிதிக்கு முன்னுள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. இதில் ஒரு நுட்பம் காண்க. அடைக்கலம் தந்த பாளையத்தார் பெருமாளிடம் பேரன்பு பூண்டு, திருப்பித் தர மனமின்றி இருந்தனர். காஞ்சிக்கு மகிழ்ச்சியான நாள் அவர்களுக்குப் பிரிவு நாள். காமாட்சியம்மனின் பொன்மேனியோ திரும்பவே இல்லை. தஞ்சையில் பங்காரு காமாட்சியாக இன்றும் எழுந்தருளியிருக்கிறது. ஒன்று மீண்டது, ஒன்று மீளவில்லை. வரதர் மீண்டதைச் சின்ன காஞ்சிபுரம் உடையார்பாளைய உற்சவமாக ஆண்டுதோறும் கொண்டாடி வந்திருக்கிறது. இழந்த காலத்துக்குக் கல்லில் ஓரிடமும், பஞ்சாங்கத்தில் ஒரு நாளும் கொடுத்தார்கள்.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். வரதர் அணியும் மகரகண்டி ஒன்று இராபர்ட் கிளைவ் அளித்தது என்பது கோயில் வழக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியின் கலெக்டராக இருந்த பிளேஸ் துரையும் பெருமாளுக்கு அணி அளித்துள்ளார். கழுத்துக்கு அணி வந்தது. ஆயின் 1763ஆம் ஆண்டிலேயே காஞ்சியைச் சூழ்ந்த சீமை முழுவதும் நவாபிடமிருந்து கம்பெனியாருக்கு ஜாகீராகப் போய்விட்டிருந்தது. பழைய கணக்கே மீண்டும் எழுதப்பட்டது. ஊரார் அணியை மறுக்கவில்லை. அதைக் ‘கிளைவ் மகரகண்டி’ என்று கொடுத்தவன் பெயரோடு சேர்த்தே அழைத்தனர். பெயரைச் சேர்த்துச் சொல்லும்வரை, எது தமக்குரியது, எது வந்து சேர்ந்தது என்பது மறவாது.

இவ்வளவையும் நான் சொல்லுதற்குப் பழம்பெருமை மட்டும் காரணமன்று. இன்றும் எங்கள் ஊரில் மெல்லிய படையெடுப்பு ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பின்னப்படும். தறியில் அமர்ந்திருப்பவர் ஒருவரால் மட்டும் அது ஆகாது. மறுபக்கத்துக் கரையின் நாடாவை எறிய உடன் ஒருவர் வேண்டும். என் இளமையில் அவ்விடத்தில் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே அமர்ந்திருந்தனர். இன்று அப்பிள்ளைகள் படித்து, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளுக்கும், அதற்கப்பால் தொலைவூர்களுக்கும் செல்கின்றனர். இதைத் தீமை என்று யார் சொல்வார்? தறிக்குழியில் முதுகு வளைந்த தந்தையே அவர்களை அனுப்பிவைத்தார். மாதச் சம்பளம் வருகிறது, கடன் அடைகிறது. எங்கள் இல்லத்திலும் தறிக்குழி மூடப்பட்டு அதன்மேல் சிமெண்டுத் தரை போடப்பட்டுவிட்டது. என் தந்தையார் அதைக் குறித்து ஒரு சொல்லும் குறை கூறினாரல்லர். அந்தத் தரையின்மேல் மட்டும் அவர் கட்டில் போட்டுப் படுத்ததில்லை.

அவ்வாறு பேசாதிருக்கும் முதியோர் எங்கள் தெருக்களில் பலர். அவர்களைப் புலிகேசி வெல்லவில்லை, விக்கிரமாதித்தன் வென்றிருக்கிறான். பிள்ளைகளின் நல்வாழ்வைக் கண்டு மகிழவும் வேண்டும். தம்மோடு முடியும் ஒன்றுக்காக அழவும் வேண்டும். இரண்டும் ஒருங்கே உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை மறுத்ததாகும் என்று அஞ்சியே அவர்கள் வாய்மூடியிருக்கின்றனர்.

வரலாறு இவர்களுக்குச் செய்யத்தக்க உதவி ஒன்று உண்டு. பெற்றதை எழுதிய கல்லுக்கு அருகே இழந்ததையும் எழுதிவைத்தல் நன்றி மறப்பாகாது என்று அது எடுத்துக்காட்டும். எட்டாம் நூற்றாண்டில் காஞ்சி மக்கள் தம் இழப்பைத் தாமே எழுதிவைத்திருந்தால், முரசு போன செய்தியை நாம் வென்றவன் செப்பேட்டிலிருந்து அறிய நேர்ந்திராது. ஆகவே இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. தொழிற்சாலைக்குச் செல்லுங்கள்; வளமாக வாழுங்கள். செல்லுமுன் உங்கள் தந்தையின் பக்கத்தில் சில நாள் அமர்ந்து, கரை நாடாவை எறிந்தபடியே அவர் அறிந்தவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தறியின் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்கள், கரைகளின் பெயர்கள், அவருக்கு நெய்யக் கற்பித்தவர் பெயர். அவ்வேட்டில் உங்கள் முதல் சம்பளத்தின் தொகையையும், வீட்டில் தறி நின்ற நாளையும் ஒரே பக்கத்தில் குறித்துவையுங்கள்.