வெண்கலப் பாம்பும் பன்னிரண்டு காளைகளும்

ஆலயத்தில் சுரூபம் வைப்பதே சிலைவழிபாடு என்போர் முதலில் காட்டுவது விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரம். எதன் உருவத்தையும் செய்யலாகாது, வணங்கலாகாது என்ற கட்டளை அங்கே உண்டு. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதே நூலின் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின் மூடிமேல் பொன்னால் இரு கெருபுகளை, அதாவது சிறகுள்ள வானவர் உருவங்களை, செய்து வைக்குமாறு மோசே பணிக்கப்படுகிறார். சாலமோனின் கோவிலில் பத்து முழ உயரத்தில் ஒலிவ மரக் கெருபுகள் நின்றன. முற்றத்து வெண்கலத் தொட்டியைப் பன்னிரண்டு வெண்கலக் காளைகள் தாங்கின. அவருக்குப்பின் பிரிந்துபோன வடநாட்டில் அதன் அரசன் எரொபவாம், பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தினான். இரண்டும் மாட்டினம்தான். ஆனால் அரசர் முதல் நூல் காளைகளைக் கோவிலின் அழகுக்குள் சேர்க்கிறது. கன்றுகளைப் பாவம் என்கிறது. காளைகளுக்கு யாரும் பலியிட்டதாக அந்நூலில் இல்லை. கன்றுகளையோ எகிப்திலிருந்து மீட்டுவந்த தெய்வங்களென்றே எரொபவாம் அறிவித்தான். ஓர் உருவத்தைச் சிலைவழிபாட்டுப் பொருளாக்குவது அதற்கு மனிதர் கொடுக்கும் இடமே.

கெருபுகளும் காளைகளும் கடவுள் கட்டளையிட்டுச் செய்தவை, நாமாகச் செய்ய உரிமை ஏது என்பார்கள். வலுவான கேள்விதான். இணைச்சட்ட நூலின் 4-ஆம் அதிகாரம் தடைக்கான காரணத்தையும் சொல்கிறது: ஓரேபு மலையில் கடவுள் பேசியபோது மக்கள் எந்த உருவத்தையும் காணவில்லை. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களுக்குத் தடை விதித்தபோது, தமாஸ்கு நகர் யோவான் இதையே பற்றிக்கொண்டார். காணாதவரைத் தீட்ட முடியாது, மனிதராகிக் கண்களுக்குத் தென்பட்டவரைத் தீட்டலாம் என்பது அவர் வாதம். 787-இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்றது. திருவுருவத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் காட்டப்பட்டவரையே சேரும் என்றது.

படிப்பறிவில்லாத பக்தருக்கு ஆராதனை எது, வணக்கம் எது என்று தெரியுமா என்ற கேள்வியே எஞ்சியவற்றில் கூர்மையானது. இந்தக் குழப்பம் விவிலியத்திலேயே உண்டு: மோசே செய்த வெண்கலப் பாம்பு கடவுள் சொல்லிச் செய்தது. இயேசுவே அதைத் தம் சிலுவைக்கு முன்னடையாளமாகக் காட்டினார். ஆயினும் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார். கெருபுகளை அவர் தொட்டதாக அதைச் சொல்லும் அரசர் இரண்டாம் நூல் சொல்லவில்லை. 1522-இல் விட்டன்பர்க்கில் படங்களை உடைக்கக் கிளம்பியவர்களை மார்ட்டின் லூதரே கண்டித்துப் பிரசங்கித்ததையும் இங்கே நினைக்கலாம். தவறான பயன்பாடு திருத்தப்பட வேண்டியது. அதற்காக எல்லாவற்றையும் நொறுக்குவது எசேக்கியாவின் வழியன்று. ஆனால் கத்தோலிக்கர் இதைத் தமக்குச் சாதகமாக மட்டும் படித்துவிட முடியாது. திருவுருவத்துக்குள் தெய்வத்தன்மையோ ஆற்றலோ இருப்பதாக நம்பக்கூடாது என்று 1563-இல் திரெந்து சங்கம் விதித்தது. மூடநம்பிக்கையைக் களையும் பொறுப்பை ஆயர்களிடம் விட்டது. இந்த ஊர் அந்தோணியார் கேட்டதைத் தருவார், அடுத்த ஊர் அந்தோணியார் தரமாட்டார் என்ற பேச்சு எங்கே எழுகிறதோ, அங்கே அந்த விதி மீறப்படுகிறது. நவநாள் மறையுரைகளில் பங்குத்தந்தையர் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.