பெரியப்பா தறி

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய 29 சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி அப்பா கேட்டார்: “இதுல நமக்கு எதுனா இருக்குதாடா?”

பிள்ளையார்பாளையத்தில் சட்டம் மாறுவது எப்போதும் லேட்டாகத்தான் தெரியும். எவ்வளவு லேட் என்று பார்க்கத்தான் பழைய சட்டங்களை எடுத்துப் படித்தேன்.

அப்பா தறிக்குப் போனது 1988-இல், ஒன்பது வயதில். காஞ்சிப் பட்டில் கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய மூன்று நாடா ஓடணும். நெய்பவருக்கு இரண்டு கைதானே, அதனால் ஓரத்தில் இன்னொரு ஆள் உட்காரணும். அந்த ஆள் பெரும்பாலும் சின்னப் பிள்ளை. ஆயா 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, அடுத்த தெருக்காரர் ஒருவரிடம் அப்பாவை விட்டாள். அதிகாரி யாராவது வந்தால் “பெரியப்பா தறி” என்று சொல்லணும். முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

அந்தத் தெருக்காரருக்குச் சட்டம் அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. 1986 சட்டம் துணி நெய்யும் பட்டறைகளில் 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு மட்டும் விலக்கு. ஆனால் குடும்பம் என்றால் யார் என்றும் அதே சட்டம் சொல்கிறது: பட்டறைக்காரர், அவர் மனைவி அல்லது கணவர், அவர்கள் பிள்ளைகள், அவருடைய உடன்பிறந்தவர்கள். தம்பி மகன் அதில் இல்லை. ஆக, அந்தப் பொய் உண்மையாகவே இருந்திருந்தாலும் செல்லாது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம்தான்.

2016-இல் சட்டம் திருந்தியது. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் தடை. பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். கூடவே குடும்பத்தின் வரையறையும் நீண்டது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். 28 வருஷம் கழித்து அந்தத் தெருக்காரரின் பொய்யைச் சட்டமே எட்டிப் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. அதைத் திருத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முன்பணத்தின் கதை இன்னும் பழசு. 1929-இல் அமைந்த விட்லி கமிஷன், அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை என்று எட்டஎட்ட இருக்கும் ஊர்களிலெல்லாம் பிள்ளைகளின் உழைப்பு அடகு வைக்கப்படுவதைப் பார்த்தது. அதையடுத்து 1933-இல் வந்த சட்டம் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்றது. வேலைக்கு வைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம், பெற்றவருக்கு 50 ரூபாய் வரை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் கறார்: கடனே ரத்து, திருப்பி வாங்கினால் குற்றம். வெள்ளைக்காரன் போட்டது ஒன்று, நம்மவர்கள் போட்டது இரண்டு. ஆக, அப்பா தறி ஓரத்தில் உட்கார்ந்த அன்று மூன்று சட்டங்கள் அவர் பக்கம் இருந்தன. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற என் நண்பர்களுக்கு மாசாமாசம் எச்.ஆர். மெயில் வருகிறது. 1988-இல் எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வது?

அப்பாவிடம் பதில் சொன்னேன். குழந்தைத் தொழிலாளர் சட்டமும் கொத்தடிமைச் சட்டமும் அந்த 29-இல் இல்லை, தனியாகவே இருக்கின்றன என்று. கடன் ரத்து விஷயத்தையும் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 1994-இல் அவரை விடுவிக்க, மிச்ச முன்பணத்துக்காக ஆயா தன் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவை விற்றிருந்தாள்.

“ஆயாகிட்ட இத சொல்லிடாத” என்றார்.